தகர டப்பாவில் பதினாறு அட்டைகள்

கல்லூரி நுழைவுக்கூடத்தில் அந்தத் திரையை மாட்டியது ஒரு சனி ஞாயிறுக்குள். வெள்ளிக்கிழமை பார்த்தபோது சுவர் சும்மா இருந்தது. திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு, கிடங்கில் இரவு முறை முடித்து உடம்பெல்லாம் சாக்குத் தூசியோடு போய் நின்றால், ஒரு கதவைப் படுக்கப் போட்ட அகலத்துக்கு ஒன்று பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. சுவரில் துளை போட்ட தூளைக்கூட இன்னும் யாரும் கூட்டியிருக்கவில்லை.

திரையில் பன்னிரண்டு கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு வகுப்பு. தையல், மின்கம்பி வேலை, நர்ஸ் உதவி, கணினி என்று எங்கள் சமுதாயக் கல்லூரியில் என்னென்ன உண்டோ அத்தனையும். வகுப்பின் பேருக்குக் கீழே இரண்டு வரி, வரிக்கு இரண்டு எண், எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம். வட்டம் பச்சையாகவோ மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருந்தது. கடைசி வரிசையில் இடது ஓரத்துக் கட்டத்தில் 'காலை எழுத்து வகுப்பு' என்று போட்டிருந்தது. அதை நாங்களே வாசித்தோம். யாரும் சொல்லித் தரவில்லை.

"மாமா, நம்மளேதான்! டிவில வந்துட்டோம். இனிமே நம்மள கையில புடிக்க முடியாது" என்றான் என் மச்சினன். என் மனைவிக்குத் தம்பி. என்னோடு அதே கிடங்கில் மூட்டை தூக்குகிறான். வாயும் கையும் சேர்ந்தே ஓடும் ஆள்.

பேக்கரியில் மாவு பிசையும் அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு அடுத்த வரியை எழுத்துக் கூட்டினார். "கற்... கற்கும் வேகம். இலக்கு இருநூறு. நாம நானூத்தி ரெண்டு."

"பாத்தியா? கேட்டது இருநூறு. நாம அதுக்கு டபுளா குடுத்திருக்கோம்."

"அப்புறம் ஏன்டா வட்டம் செவப்பா இருக்கு?"

மச்சினன் கொஞ்சம் யோசித்தான். "செவப்புதான் ஃபஸ்ட்டா இருக்கும்க்கா. நமக்கு யாரு சொன்னாங்க?"

இரண்டாவது வரி 'வருகை.' இலக்கு நூற்றுக்கு எழுபத்தைந்து, நாங்கள் தொண்ணூற்றேழு. அந்த வட்டம் பச்சை. பன்னிரண்டு வகுப்பிலும் அவ்வளவு பெரிய வருகை வேறு யாருக்கும் இல்லை. அதைப் பார்த்து அக்கா என்னைப் பார்த்தார். நான் மச்சினனைப் பார்த்தேன். மூவரும் அப்படியே வகுப்புக்குள் போய்விட்டோம்.

தொண்ணூற்றேழுக்குக் காரணம் ஒரு பிஸ்கட் டப்பா.

கிடங்கில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பன்னிரண்டு பேர் சேர்ந்தது ஒரு கூட்டம். ஆளுக்கு ஒரு தகர வில்லை. முறை தொடங்கும்போது பன்னிரண்டு வில்லையும் பலகையில் தொங்கினால்தான் அந்தக் கூட்டத்துக்கு லாரி விடுவார்கள். பதினொன்று தொங்கினால் லாரி அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும். அதனால் ஒருவன் காய்ச்சலில் படுத்தால் அவன் வில்லையையும் நாங்களே மாட்டிவிடுவோம். அவன் தூக்க வேண்டியதை மற்ற பதினொரு பேரும் பங்கிட்டுத் தூக்கிவிடுவோம். மேஸ்திரிக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார். மூட்டை இறங்கினால் சரி. முப்பது வருஷமாக அப்படித்தான்.

எழுத்து வகுப்பு தொடங்கியபோது, பதினைந்து பேருக்குக் குறைந்தால் வகுப்பை எடுத்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு வந்தது. நாங்கள் மொத்தம் பதினாறு பேர். கிடங்கு, பேக்கரி, லாரி கழுவுமிடம், கட்டட வேலை என்று ஆளுக்கொரு பக்கம் வேலை, வாரா வாரம் மாறும் முறை. ஒரு நாளைக்கு ஏழு பேர் வந்தால் அதிகம். ஆனால் வகுப்பு வாசலில் அட்டை தேய்க்கும் பெட்டி ஒன்று இருந்தது. அட்டையைக் காட்டினால் 'டிக்' என்று ஒரு சத்தம், ஒன்றரை மணி நேரம் வந்ததாகப் பதிவு. அக்கா பேக்கரியிலிருந்து ஒரு காலி டப்பா கொண்டுவந்தார். பதினாறு அட்டையும் அதற்குள் போயின. தீயணைக்கும் சிலிண்டருக்குப் பின்னால் டப்பா. முதலில் வருகிறவர் பதினாறு தடவை 'டிக்'. கிடங்கு பக்கத்தில் என்பதால் பெரும்பாலும் முதலில் வருகிறவன் நான்.

டீச்சருக்கு இது தெரியாது. எழுத்து வகுப்புக்கு இரண்டு அறைகள். ஒன்றில் டீச்சர். மாடியில் இன்னொன்று, காதில் மாட்டிக்கொண்டு கணினியில் தானாகப் பழகுவதற்கு. முன்னால் உட்காராதவர்கள் மாடியில் இருக்கிறார்கள் என்று டீச்சர் நினைத்துக்கொண்டிருந்தார். மாடிக்கு எங்களில் யாரும் போனதில்லை. இரவெல்லாம் தூக்கிவிட்டு வந்தவன் காதில் அதை மாட்டினால் குறட்டைதான் வரும்.

திரை மாட்டிய மறு வாரம், டீச்சர் பாடத்தைத் தொடங்காமல் மேசை மேலேயே உட்கார்ந்தார். எங்கள் எல்லாரையும்விடச் சின்ன வயசு அவருக்கு. ஆனாலும் அவர் உள்ளே வந்தால் அக்கா எழுந்து நின்றுவிடுவார். எத்தனை தடவை சொல்லியும் கேட்பதில்லை.

"வெளில இருக்கற திரையப் பாத்திருப்பீங்க" என்றார். "அதுல இருநூறுன்னா இருநூறு மணி நேரம். ஒருத்தர் முதல் நிலை பாஸ் பண்ண இவ்ளோ நேரம் ஆகலாம்னு ஆட்சிக்குழு வெச்சிருக்கற இலக்கு. நமக்கு நானூத்தி ரெண்டு ஆகுது."

"அப்போ நாங்க மக்குங்களா டீச்சர்?" என்றான் மச்சினன். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். டீச்சர் சிரிக்கவில்லை.

"இல்ல. சொல்லிக்குடுக்கறதுலதான் ஏதோ கோளாறு. போன ரெண்டு தவணையும் சிவப்பு. மூணாவதும் சிவப்புன்னா வகுப்ப எடுத்துருவாங்க. எடுத்துட்டு, வீடியோல பதிவு பண்ண பாடம் போடுவாங்க. மாசக் கடைசில ஆட்சிக்குழுக் கூட்டம்."

அவர் ஒரு தாளை எல்லாருக்கும் கொடுத்தார். முதல் நிலை பாஸ் செய்த பதினொரு பேர், ஒவ்வொருவருக்கும் ஆன மணி நேரம். என் பேருக்கு நேரே முந்நூற்றுத் தொண்ணூறு. கட்டட வேலையில் கிரேன் ஓட்டும் அண்ணனுக்கு நானூற்றெட்டு. கிரேன் அண்ணன் கால் உடைந்து நாலு மாதம் கட்டிலில் கிடந்தவர். அந்த நாலு மாதமும் அவர் அட்டை ஒரு நாள் விடாமல் வகுப்புக்கு வந்திருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களுக்குத் தெரிந்த கணக்கு வில்லைக் கணக்கு. ஆள் குறையக் கூடாது, அவ்வளவுதான். இவர்கள் வைத்திருந்த கணக்கு, ஒரு ஆளுக்கு எத்தனை மணி நேரம் என்பது. நாங்கள் தேய்த்த ஒவ்வொரு 'டிக்'கும் வராதவன் தலையில் ஒன்றரை மணி நேரமாக ஏறியிருக்கிறது. வராதவன் மூட்டையை நாங்கள் தூக்கலாம். வராதவன் பாடத்தை யார் படிப்பது? அவன் அவனுடைய நேரத்தில்தான் படித்துப் பாஸ் பண்ணினான். தாளில் மட்டும் இரண்டு மடங்கு உட்கார்ந்திருந்தான்.

வகுப்பு முடிந்ததும் சைக்கிள் கொட்டகையில் மச்சினனையும் அக்காவையும் நிறுத்திச் சொன்னேன்.

"அப்ப நாம நல்லதுக்குப் பண்ணது..." என்றார் அக்கா.

"அதான் நம்மளத் தின்னுட்டு இருக்கு."

"சரி, இன்னையிலருந்து டப்பாவத் தூக்கிப் போட்டுருவோம்" என்றான் மச்சினன். "ஆட்டம் க்ளோஸ். யாருக்கும் சொல்ல வேணாம்."

"போன ரெண்டு தவணை ஏறிக் கெடக்கே. அத யாரு எறக்கறது?"

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா மாமா? பொய்யா அட்ட தேச்சதுக்குப் பதினாறு பேரையும் வெளில தள்ளிக் கதவச் சாத்துவாங்க. வகுப்பு மூடறதுக்கு நாமளே பூட்டு வாங்கிக் குடுத்த மாதிரி ஆகும்."

"டீச்சர் தலைலயும் விழும்" என்றார் அக்கா. "இவ்ளோ பெரிய கூத்து நடந்திருக்கு, உனக்குத் தெரியாதான்னு கேப்பாங்க."

"இப்ப மட்டும் யார் தலைல விழுது?" என்றேன்.

அக்கா சைக்கிள் பூட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

எனக்கு இதில் ஒரு சுயநலம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். முதுகில் கீழ்ப்பக்கம் இரண்டு எலும்பு தேய்ந்துவிட்டது. ஐம்பது கிலோவுக்கு மேல் தூக்கினால் பொறுப்பில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கிடங்கில் ஐம்பது கிலோவுக்குக் கீழே எந்த மூட்டையும் கிடையாது. ஆனால் வாசலில் ஒரு மேசை இருக்கிறது. வருகிற லாரியின் சீட்டை வாசித்து, மூட்டையோடு ஒத்துப் பார்த்து, எழுதிக் கையெழுத்துப் போடுகிற வேலை. நாற்காலி உண்டு. எழுத்து வகுப்பில் இரண்டாம் நிலைச் சான்று கொண்டுவந்தால் அங்கே உட்கார வைக்கிறேன் என்று மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டாம் நிலையில் நான் பாதி தாண்டிவிட்டேன். வகுப்பு நின்றால் அந்த நாற்காலியும் நின்றது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள். வீட்டில்கூட எதையும் நாலாக மடித்துத்தான் வைப்பாள். பேச்சும் அப்படித்தான்.

"சும்மா இருந்தா மூடுவாங்களா?"

"கண்டிப்பா."

"சொன்னா?"

"மூடலாம், மூடாமலும் இருக்கலாம்."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட கேக்கற?" என்று சொல்லிவிட்டுப் போர்வையை உதறினாள். "என் தம்பி பேச்சக் கேட்டா பகல்லயே குழில விழலாம். அவன் பேச்ச விடு."

மறுநாள் வகுப்பில் டப்பாவை எடுத்து டீச்சர் மேசையில் வைத்தேன். மூடியைத் திறந்து காட்டினேன். பதினாறு அட்டை இருந்தன. வகுப்பில் இருந்தது எட்டுப் பேர்.

என்னவென்று புரிய டீச்சருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேரைப் பார்த்து மேசையில் அடுக்கினார். பிறகு மாடியைப் பார்த்தார்.

"மேல யாருமே இல்லையா?"

"இல்ல டீச்சர்."

"எப்பவுமே?"

"எப்பவுமே."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து மூன்று கட்டுத் தாள்களை வெளியே எடுத்துப் போட்டார். மூன்றும் பாடத் திட்டங்கள். ஒன்றைப் போட்டு, சரிவரவில்லை என்று மாற்றி, மறுபடி மாற்றி எழுதியவை. எழுத்து அடர்த்தியாக இருந்தது. அடித்தல் திருத்தல் அதைவிட அடர்த்தியாக இருந்தது.

"வாரத்துக்கு அஞ்சு எழுத்து சொல்லிக்குடுத்துட்டு இருந்தேன்" என்றார். "நானூறு மணி ஆகுதுன்னு சொன்னாங்க. சரி, வேகமாப் போறேன் போலன்னு மூணாக் கொறச்சேன். இவரு ஏன் டீச்சர் ஆமை மாதிரி போறீங்கன்னு கேட்டாரு. ஞாபகம் இருக்கா?"

மச்சினன் தலை குனிந்துகொண்டான்.

"மேல உக்காந்து பழகியும் ஏற மாட்டேங்குதே, எனக்கு இந்த வேலை வராதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். வீடியோ போட்டுக்கங்கன்னு நாந்தான் சொன்னேன்."

"உங்களுக்காகத்தான் பண்ணோம் டீச்சர்" என்றார் அக்கா.

"எனக்காகவா?" டீச்சர் குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஒரு நாள் ஒருத்தராவது என்கிட்ட கேக்கத் தோணலயா?"

லாரி கழுவுகிறவர் மட்டும், "கேட்டா வேணாம்பீங்கன்னுதான்..." என்று இழுத்தார். அக்கா அவர் தொடையில் கிள்ளினார்.

டீச்சர் அட்டைகளை மறுபடி டப்பாவுக்குள் போட்டார். "இத எடுத்துட்டு ரெண்டாவது மாடிக்குப் போங்க. திரைய நடத்தறவர் அங்கதான் இருக்கார். எனக்குத் தெரியாம நடந்தத நானும் எழுதித் தரேன். என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது." பிறகு கரும்பலகைக்குத் திரும்பித் தேதியை எழுதினார். அன்றைக்குப் பாடம் நடந்தது. ஒரு வாரத்தில் மூன்று எழுத்து சொல்லித் தந்தவர் அன்று ஒரே காலையில் நாலு சொல்லித் தந்தார். திட்டு வாங்குவதைப்போல உட்கார்ந்து நாங்கள் எழுதிக்கொண்டோம்.

திரையை நடத்துகிறவரைக் கல்லூரியில் கலர் சார் என்பார்கள். மதியம் தூக்கத்தை விட்டுவிட்டு அவர் அறைக்குப் போனேன். மூன்று கணினி, ஒரு பிளாஸ்டிக் செடி. செடிக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றும் குவளை. எதற்கென்று நான் கேட்கவில்லை. கழுத்தில் பட்டை போட்டிருந்தார். எனக்கு முதுகு, அவருக்குக் கழுத்து.

நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. ஏதோ ஒன்றைத் தட்டினார்.

"ஆமா. தினமும் ஆறு பதினாலு, ஆறு பதினஞ்சுக்குள்ள பதினாறு பேரும் வந்திருக்கீங்க. ஒரே நிமிஷத்துல."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"தெரியும்னு இல்ல. இருக்கு. யாரும் கேக்கல." கழுத்தைத் திருப்ப முடியாமல் நாற்காலியோடு திரும்பினார். "நிறம் என்னன்னு காட்டறதுதான் என் வேலை. ஏன் அந்த நிறம்னு பாக்கறதுக்கு வேற ஒரு ஆள்."

"அவர எங்க பாக்கலாம்?"

"இன்னும் போடல."

பதிவான மணி நேரத்தை வாய்ச்சொல்லை வைத்துக் குறைக்க முடியாது, உண்மையில் வந்த நாளுக்கு ஆதாரம் வேண்டும் என்றார். நான் கையில் வைத்திருந்த நோட்டைக் கொடுத்தேன். டீச்சர் முதல் நாளிலிருந்து பிடிவாதமாக இருந்த விஷயம் ஒன்றுதான். எங்கே உட்கார்ந்து எழுதினாலும் பக்கத்தின் தலையில் அன்றைய தேதி போட வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். தேதியைத்தான் நாங்கள் முதலில் எழுதக் கற்றோம். நோட்டின் முன்பக்கத் தேதிகள் எல்லாம் கவிழ்ந்த வண்டி மாதிரி இருக்கும். போகப் போக நிமிரும்.

கலர் சார் பக்கங்களைப் புரட்டினார். "இது நல்லாருக்கே" என்றார். அவர் எதையும் நல்லாருக்கு என்று சொல்லி அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை.

மூன்று நாள் மதியம் உட்கார்ந்து எண்ணினோம். பதினொரு நோட்டில் ஒன்பது கிடைத்தன. அக்கா நோட்டில் மாவு ஒட்டிப் பக்கங்கள் அப்பளம் போல விறைத்திருந்தன. மச்சினன் நோட்டில் இரண்டு பக்கம் ஆடுபுலி ஆட்டம். அதிலும் தேதி இருந்தது. கிரேன் அண்ணன் நோட்டில் நாலு மாதத்துக்கு ஒன்றுமில்லை, பிறகு 'கால் சரி' என்று ஒரு வரி. ஊரைவிட்டுப் போன இரண்டு பேரின் நோட்டு கிடைக்கவில்லை. அவர்களுடையது இருந்தபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். முதல் நிலை முடியும்வரை எனக்கு வந்தது நூற்று இருபத்திரண்டு பக்கம். நூற்று எண்பத்து மூன்று மணி நேரம்.

எல்லாவற்றையும் கூட்டிப் பதினொன்றால் வகுத்தார். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அவர் கணினியில் சிவப்பு வட்டம் பச்சையானது.

"பொறுங்க" என்றார். கீழ் வரியைக் காட்டினார். பாஸ் பண்ணாத ஐந்து பேரின் நோட்டையும் சேர்த்து எண்ணியதில், வருகை தொண்ணூற்றேழாக இருந்தது நாற்பத்தொன்பதாகிவிட்டது. பச்சை வட்டம் சிவப்பானது.

"ஒண்ண நிமித்துனா ஒண்ணு சாயுதே சார்."

"ஒரே துணிதானே. தலைக்கு இழுத்தா கால் தெரியும்."

பிறகு ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். பதிவைத் திருத்தினால் தவறு செய்தவர் பேரைச் சேர்த்து அனுப்ப வேண்டும். அடுத்தவர் அட்டையைத் தேய்த்தவருக்கு இரண்டு தவணை வகுப்பில் இடமில்லை. இது ஏற்கெனவே இருக்கும் விதி, வாசலிலேயே ஒட்டியிருக்கிறது என்றார். அதை ஒட்டிய காலத்தில் எங்களுக்கு வாசிக்கத் தெரியாது.

"தேச்சது யாரு?"

"எல்லாரும்தான் சார்."

"எல்லாரையும் எழுதுனா வகுப்புல ஆளே இருக்காது. அப்புறம் எதுக்குத் திருத்தம்? இங்க ஒரு கோடுதான் இருக்கு. அதிகமாத் தேச்சது யாரு?"

ஆறு பதினாலு என்று திரையில் இருந்த நேரத்தை நான் பார்த்தேன். அந்த நேரத்துக்கு வந்து நிற்கிறவன் யார் என்று எனக்கும் தெரியும், எங்கள் வகுப்புக்கும் தெரியும். இரண்டு தவணை என்றால் எட்டு மாதம். வாசல் மேசை அதற்குள் வேறு ஆளுக்குப் போய்விடும். எட்டு மாதத்துக்கு முதுகு தாங்குமா என்பது முதுகுக்குத்தான் தெரியும்.

"நாளைக்கு எழுதிட்டு வரலாமா?"

"ஆட்சிக்குழுக் கூட்டத்துக்கு இன்னைக்குச் சாயங்காலம் அனுப்பணும்."

பேனாவை வாங்கிப் பேரை எழுதினேன். கோட்டுக்குள் அடங்கியது. காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். உண்மையை எழுதுங்கள் என்றார். 'வராதவர் அட்டையை நான் தேய்த்தேன். டீச்சருக்குத் தெரியாது' என்று எழுதினேன். எழுதி முடிக்க இருபது நிமிடம் ஆனது. அவர் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் மச்சினனிடம் சொன்னேன். அவனுக்கு முகம் மாறிவிட்டது. "என்ன மாமா நீ? என் பேர எழுதியிருக்கலாம்ல? எனக்கென்ன முதுகா போச்சு?"

"உன் எழுத்து அந்தக் கோட்டுல அடங்காது மாப்ள. தாள் பத்தாது."

சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. கொட்டகைக் கம்பத்தில் காலால் ஒரு உதை விட்டான். பிறகு காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினான்.

மாதக் கடைசி வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். யார் வேண்டுமானாலும் பின்னால் உட்கார்ந்து கேட்கலாம், பேசக் கூடாது. நானும் மச்சினனும் போனோம். டீச்சர் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. மேசையைச் சுற்றி ஒன்பது பேர், ஆளுக்கொரு கண்ணாடிக் குவளைத் தண்ணீர். சுவரில் அதே திரை பெரிதாக. நடுவில் உட்கார்ந்திருந்த நரைத்த முடி அம்மாதான் தலைவர் போல. அவர் சொன்னால் கட்டம் மாறியது.

எங்கள் கட்டம் வந்தபோது கலர் சார் எழுந்தார். "கற்கும் வேகம், பச்சை. பதிவில் பிழை இருந்தது, திருத்தப்பட்டது. வருகை, சிவப்பு."

மருந்துக்கடைக்காரர் ஒருவர் குழுவில் இருந்தார். எங்கள் தெருவில் கடை, அதனால் தெரியும். "போன மாசம் தொண்ணூத்தேழு, இந்த மாசம் நாப்பத்தொம்போதா? பாதிப் பேர் ஓடிட்டாங்களா?"

"யாரும் ஓடல. எப்பவுமே பாதிதான் வந்திருக்காங்க."

"பாதி வந்தே இவ்ளோ சீக்கிரம் பாஸ் பண்றாங்களா?"

"நோட்டு அப்படித்தான் சொல்லுது."

தலைவர் அம்மா தாளைப் பார்த்தார். "வேகம் சரியாயிடுச்சு, அந்தக் கணக்கு முடிஞ்சுது. வருகை இது முதல் சிவப்பு. விதிப்படி இன்னும் ரெண்டு தவணை இருக்கு. வகுப்பு நடக்கட்டும். தவறு செய்தவர் மேல நடவடிக்கை எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"அடுத்தது."

நாலு நிமிடம் ஆகியிருக்கும். அடுத்தது தையல் பிரிவின் கூரை ஒழுகுவது. அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் எழுந்து போவது மரியாதையில்லை என்று உட்கார்ந்திருந்தோம். மச்சினன் என் காதில், "மாமா, நாம கூரையாப் பொறந்திருக்கலாம்" என்றான்.

முடிந்து வெளியே வரும்போது நடைபாதையில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். வேலை வராது என்று எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிட்டாரா என்று கேட்க நினைத்தேன். அவரே சொன்னார்.

"கடிதத்தக் கிழிச்சாச்சு. நாளைலருந்து மறுபடி வாரத்துக்கு அஞ்சு எழுத்து." மச்சினனைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்க்கவில்லை. போகிறபோது நின்று, என் பக்கம் பாதி திரும்பி, "உங்க மேல எனக்கு இன்னும் கோவம் தீரல" என்றார்.

"சரிங்க டீச்சர்" என்றேன். வேறு என்ன சொல்ல.

வாசல் மேசைக்கு மறு வாரமே ஆள் போட்டார்கள். பள்ளி முடித்த பையன்களில் ஒருவன். மேலாளர் என்னைப் பார்த்து, "உனக்காக எத்தன மாசம் வெச்சிருக்கறது?" என்றார். நியாயந்தான். நான் மறுபடி மூட்டைக்குப் போனேன். எங்கள் பன்னிரண்டு பேர் கூட்டத்தில் இப்போது என்னை ஐம்பது கிலோ மூட்டையை இறக்கி வைக்க மட்டும் விடுகிறார்கள், ஏற்றுவதை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். யாரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

தடை தொடங்கிய முதல் காலை, முறை முடிந்து ஆறேகாலுக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் என்னை வீட்டில் பார்த்து அவளுக்குப் பழக்கமில்லை.

"குறுக்க நிக்காத, நகரு" என்றாள். நகர்ந்தேன். போகும்போது தம்ளரில் டீ ஊற்றி மூடி வைத்துவிட்டுப் போனாள்.

எட்டரை மணிக்கு மச்சினன் வந்தான். செருப்பைக் கழற்றாமலே வாசலில் உட்கார்ந்தான்.

"எத்தன பேரு?" என்றேன்.

"ஆறு பேரு மாமா."

"பெட்டில எத்தன 'டிக்'?"

"ஆறு 'டிக்'தான்." தன் கையைப் பார்த்தான். சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருந்தது. டீச்சர் பலகையில் எழுதச் சொல்லியிருக்க வேண்டும். "கம்மியாதான் இருக்கு. ஆனா ஆறுதான்."

"டீச்சர் ஏதாவது கேட்டாங்களா?"

"இல்ல. அஞ்சு எழுத்துல ரெண்ட இன்னைக்கே முடிச்சுட்டாங்க. நாளைக்கும் வரச் சொன்னாங்க, எல்லாரையும்." செருப்பைக் கழற்றினான். "நோட்டு வெச்சிருக்கியா? இந்த ரெண்டு எழுத்தையும் காட்டறேன். ஆனா தேதி போடாத மாமா. உனக்கு இன்னைக்கு வகுப்பு இல்ல."